வாடகை வீடும் கடன் முதலும்

ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு, அவ்வருவாயைச் சிறுகச் சிறுகச் சேர்த்து மற்றொரு வீட்டை வாங்குதல் நெடுநாளைய வழக்கம். இவ்வழி அச்சமற்றது, ஆயினும் மிக மெல்லச் செல்வது. கடன் பெற்று வாங்குதல் விரைவானது, ஆயினும் இடருடையது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆசிரியர், எழுத்தர், சிறுவணிகர் எனப் பலரும் தாம் குடியிருக்கும் வீட்டோடு வாடகை வீடு ஒன்றையேனும் உடையராய் இருக்க விரும்புகின்றனர். ஒன்றை இரண்டாகவும் இரண்டை நான்காகவும் பெருக்க எண்ணுவோரும் உளர். அவ்வெண்ணம் தோன்றியவுடன் எழும் வினா, பணம் எங்கிருந்து வரும் என்பது. அதனினும் முதன்மையான வினா ஒன்றுண்டு. வந்த கடனை எது திருப்பித் தரும்? இவ்விரண்டாம் வினாவுக்கு விடை காணாது முதல் வினாவுக்கு மட்டும் விடை தேடியோர் வீட்டுடைமையோடு மன அமைதியையும் இழந்த வரலாறு உண்டு.

முதலும் பொலிசையும்

தொழிலில் இடும் பணத்தை 'முதல்' என்பது தமிழ் வழக்கு. எது முதலில் இருத்தல் வேண்டுமோ, எது இன்றி மற்றவை நிகழாவோ, அது முதல். முதல் இல்லாதவர்க்கு ஊதியம் இல்லை என்பதும், வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலில் அறிவுடையார் இறங்கார் என்பதும் திருக்குறள் பொருட்பாலில் காணும் கருத்துகள். கடன் வாங்கி வீடு பெருக்குவோர் இவ்விரண்டையும் சேர்த்தே நினைத்தல் வேண்டும்.

வட்டிக்குக் கல்வெட்டுகளில் வழங்கும் சொல் 'பொலிசை'. பொலிதல் என்றால் பெருகுதல். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிலில், அறக்கட்டளைப் பணம் ஊர்ச் சபையார்க்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, பொலிசையாக வந்தது. வந்த பொலிசையே செலவாயிற்று, முதலில் கைவைக்கப்படவில்லை. நந்தா விளக்கிற்கு அளிக்கப்பட்ட ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். ஆடு சாகும், மூக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர். குட்டிகளைக் கொண்டு மந்தையின் தொகையைக் குறையாது காத்து, நாள்தோறும் நெய் அளக்க வேண்டும் என்பதே அச்சொல்லின் கருத்து. வாடகை வீடும் இத்தகைய மந்தையே. கூரை ஒழுகும், குழாய் உடையும், குடியிருப்பவர் காலி செய்வார். அவற்றை ஈடுசெய்தபின் எஞ்சுவது எதுவோ அதுவே உண்மையான நெய்.

கடன் எவ்வாறு விரைவு தருகிறது?

ஒரு கணக்கைக் கொண்டு இதனை விளக்கலாம். விலை 400,000 ரிங்கிட் உள்ள வீடு. மாத வாடகை 1,600 ரிங்கிட் எனக் கொள்க. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கக்கூடும். ஆகவே பதினொரு மாத வாடகை 17,600. நிலவரி, மதிப்பீட்டு வரி, பராமரிப்புக் கட்டணம், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 3,600 கழித்தால் நிகர வருவாய் 14,000.

கடனில்லாத ஒரு வீட்டின் வருவாயை மட்டும் சேர்த்து மற்றொரு வீட்டை முழு விலைக்கு வாங்க வேண்டுமெனின் 28 ஆண்டுகளுக்கு மேலாகும். விலையில் 90 விழுக்காட்டை வங்கி தருமாயின், வாங்குவோர் இட வேண்டிய முன்பணம் 40,000 மட்டுமே. முத்திரை வரியும் வழக்கறிஞர் கட்டணமும் தனி. மூன்றாம் ஆண்டு முடியுமுன் அம்முன்பணம் சேர்ந்துவிடும். இருபத்தெட்டு ஆண்டுகள் மூன்றாகச் சுருங்குகின்றன. கடன் தரும் விரைவு இதுவே.

விரைவோடு மற்றொன்றும் வருகிறது. வீட்டின் விலை பத்து விழுக்காடு ஏறினால் 40,000 கூடுகிறது; சொந்தமாக இட்ட 40,000 இரட்டிக்கிறது. விலை பத்து விழுக்காடு இறங்கினாலோ, சொந்த முதல் முழுவதும் மறைகிறது. கடன் மட்டும் ஒரு காசும் குறையாது நிற்கிறது. நெம்புகோல் சிறு விசையைக் கொண்டு பெருஞ்சுமையைத் தூக்கும்; கை நழுவினால் அதே விசை தூக்கியவரையே தாக்கும்.

வாடகை சுமக்கும் அளவு

மேற்சொன்ன வீட்டிற்கு 360,000 ரிங்கிட் கடனை ஆண்டுக்கு 4.25 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுகளுக்குப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 1,648 ரிங்கிட். ஆண்டுக்கு 19,780. நிகர வாடகையோ 14,000. ஆகவே ஆண்டுதோறும் 5,780 ரிங்கிட் வீட்டுக்காரரின் சம்பளத்திலிருந்து செல்லும். ஒரு வீட்டிற்கு இது தாங்கக்கூடியதே. இத்தகைய வீடுகள் நான்கு இருப்பின், ஆண்டுக்கு 23,000 ரிங்கிட்டுக்கு மேல் கைப்பணம் வேண்டும். 'வீடு நான்கு உடையவர்' என்று ஊரார் சொல்ல, அவரோ மாதந்தோறும் நான்கு வீட்டுக்கும் தாமே வாடகை செலுத்துபவர் போல ஆகிவிடுகிறார்.

கடனை 70 விழுக்காடாகக் குறைத்தால் ஆண்டுத் தவணை 15,385 ஆகிறது. துண்டு விழும் தொகை 1,385 மட்டுமே. அறுபது விழுக்காடாகக் குறைத்தால் தவணை 13,187. வாடகை அதனைச் சுமந்து, ஆண்டுக்கு 800 ரிங்கிட் அளவில் மிச்சமும் தருகிறது. ஒரே வீடு, ஒரே வாடகை. கடனின் அளவு மாறும்போது அவ்வீடு சுமையாகவோ துணையாகவோ மாறுகிறது. எனவே ஒரு வீட்டிற்கு எவ்வளவு கடன் தகும் என்பதை வங்கி தரும் உச்ச அளவைக் கொண்டு முடிவு செய்தல் தவறு. அவ்வீட்டின் நிகர வாடகையைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

வட்டி நிலையாக நிற்பதன்று என்பதும் நினைவிற்குரியது. மலேசியாவில் பேங்க் நெகாராவின் கொள்கை வட்டி 2020 சூலையில் 1.75 விழுக்காடாக இருந்தது. 2023 மே மாதத்தில் 3 விழுக்காடாயிற்று. மேற்கண்ட கடனில் வட்டி ஒரு விழுக்காடு ஏறினால் மாதத் தவணை 1,648-இலிருந்து 1,875 ஆகும். நான்கு வீடுகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,860 ரிங்கிட் கூடுதல். வாடகை அவ்வாண்டே அவ்வளவு ஏறும் என்பதற்கு உறுதியில்லை.

மறுகடன்

வீடுகளை விரைந்து பெருக்குவோர் பெரிதும் நாடும் வழி மறுகடன். முன்சொன்ன வீட்டை எட்டு ஆண்டுகளுக்குப் பின் மறுமதிப்பீடு செய்து, அதன் விலை 500,000 எனக் கண்டனர் என்க. எட்டு ஆண்டுகளில் கட்டிய தவணை ஏறத்தாழ 158,000. அதில் வட்டிக்குச் சென்றது 115,000-க்கு மேல். முதலில் கழிந்தது 43,000-க்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய கடன் 317,000. தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே செல்லும் என்பதைப் பலர் அறியாதிருக்கின்றனர்.

புதிய மதிப்பில் 80 விழுக்காட்டைக் கடனாகப் பெற்றால் 400,000 கிடைக்கும். பழைய கடனை அடைத்தபின் 83,000 கையில் நிற்கும். அது மேலும் இரு வீடுகளுக்கு முன்பணமாகும். ஏட்டில் இது மாயம்போல் தோன்றும். உண்மையில் நிகழ்ந்தது யாது? எட்டு ஆண்டுகள் உழைத்துக் குறைத்த கடன் தொடக்கத்தினும் மிகுதியாயிற்று. ஒரு வீட்டின் வாடகை தன் கடனோடு வேறு இரு வீடுகளின் முன்பணத்தையும் சுமக்கத் தொடங்கிற்று. விலை ஏற்றத்தை நம்பிப் பெற்ற பணம் ஊதியமாகாது, அதுவும் கடனே. எட்டு ஆண்டுகளில் வாடகையும் விலையோடு ஒத்து ஏறியிருப்பின் மறுகடன் தகும். விலை மட்டும் ஏறி வாடகை நின்ற இடத்திலேயே நின்றால், அது ஒரு தூணின் மேல் மூன்று மாடி எழுப்புவதாக முடியும்.

பர்மா தந்த படிப்பினை

கடனின் காலமும் சொத்தின் காலமும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது இத்துறையின் மற்றோர் அடிப்படை. இதனைக் கசப்போடு கற்றவர்கள் தமிழரே. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளில் பணத்தொழில் நடத்தினர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளும், கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் இருந்த கடைகளும் அத்தொழிலின் இருக்கைகள். அவர்கள் தம் சொந்த முதலோடு, உறவினரும் பிறரும் தவணை முறையில் வைத்த பணத்தையும், வங்கிகளிடமிருந்து பெற்ற கடனையும் சேர்த்து வட்டிக்கு விட்டனர். கணக்கின் ஒழுங்கிலும் நம்பிக்கையிலும் அவர்க்கு நிகர் அரியர்.

கீழ்ப் பர்மாவின் நெல் நிலங்கள் அக்கடனால் விளைந்தன. 1930-ஆம் ஆண்டையொட்டி நெல்விலை வீழ்ந்தது. உழவரால் கடனைத் திருப்பித் தர இயலவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கடன் தந்தவர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில், 1930-இல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடளவே நகரத்தாரிடம் இருந்தது; 1930-களின் பிற்பகுதியில் அது 25 விழுக்காடாயிற்று. பார்ப்பவர்க்கு இது பெருஞ்செல்வம். உடையவர்க்கோ பெருந்துயர். அவர்களிடம் பணம் வைத்தோர் பணத்தையே கேட்பர், நிலத்தைக் கேளார். நிலம் குத்தகை தரும். வேண்டிய நாளில் பணமாகாது. விரும்பாது பெற்ற அந்நிலவுடைமை பர்மியரின் மனக்கசப்பையும் வளர்த்தது. 1942-இல் சப்பானியர் படையெடுப்பால் பலர் ஊர் திரும்பினர். பர்மா விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றப்பட்டது.

குறுகிய காலக் கடனைக் கொண்டு நெடுங்காலச் சொத்தை வாங்கலாகாது என்பது இதனால் பெறப்படும் பாடம். இன்றும் கடன் அட்டையின் பணத்தையோ, ஐந்தாண்டில் தீர்க்க வேண்டிய தனிநபர் கடனையோ எடுத்து வீட்டு முன்பணமாக இடுவோர் உளர். அவர்கள் முப்பத்தைந்து ஆண்டுகளில் பலன் தரும் மரத்தை நட்டு, ஐந்தாம் ஆண்டிலேயே அதன் பழத்தால் கடன் தீர்க்க முனைகின்றனர்.

வங்கியும் அரசும் இடும் வரம்பு

மலேசியாவில் முதல் இரண்டு வீடுகளுக்கு வங்கிகள் 90 விழுக்காடுவரை கடன் தருவது வழக்கம். மூன்றாம் வீட்டுக்கடன் தொடங்கி 70 விழுக்காட்டுக்கு மேல் தரலாகாது என 2010 நவம்பரில் பேங்க் நெகாரா வரம்பிட்டது. வீட்டுக்கடனின் காலம் 35 ஆண்டுக்கு மேற்படலாகாது என்பது 2013 சூலையில் வந்த விதி. கடன் கேட்பவரின் பழைய தவணைகள் ஒழுங்காகச் செலுத்தப்பட்டனவா என்பதை மத்திய வங்கியின் கடன் பதிவேட்டில் வங்கிகள் பார்த்துக்கொள்ளும். ஐந்தாண்டுகளுக்குள் விற்றால் ஆதாயத்தின் மேல் வரியுண்டு. குடிமக்களுக்கு முதல் மூன்றாண்டுகளில் அது 30 விழுக்காடு. வாங்கி உடனே விற்கும் வேகத்தை இது தடுக்கிறது.

சிங்கப்பூரில் வரம்பு இன்னும் கடுமையானது. 2018 சூலை முதல், வங்கிக் கடன் முதல் வீட்டிற்கு 75 விழுக்காடு, முன்கடன் தீராதிருக்கையில் இரண்டாவதற்கு 45, மூன்றாவதற்கு 35 என வகுக்கப்பட்டுள்ளது. எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டலாகாது. 2013-இல் இது 60 விழுக்காடாகத் தொடங்கி 2021 திசம்பரில் குறைக்கப்பட்டது. இக்கணக்கில் வாடகை வருவாய் முழுவதையும் ஏற்பதில்லை; குறைந்தது 30 விழுக்காட்டைத் தள்ளியே சேர்ப்பர். 3,000 வெள்ளி வாடகை 2,100 வெள்ளியாகவே மதிக்கப்படும். வீடு காலியாகும், பழுதாகும் என்னும் பட்டறிவே இவ்விதியாயிற்று.

இவற்றோடு கூடுதல் முத்திரை வரியும் உண்டு. 2023 ஏப்ரல் முதல் சிங்கப்பூர்க் குடிமக்கள் இரண்டாம் வீட்டிற்கு 20 விழுக்காடும், மூன்றாவது முதலாக 30 விழுக்காடும் செலுத்த வேண்டும். முதல் வீட்டுக்கடன் தீராத ஒருவர் பத்து இலட்சம் வெள்ளிக்கு இரண்டாம் வீடு வாங்கினால், கடன் 450,000 வெள்ளிக்கு மேல் கிடைக்காது. எஞ்சிய 550,000, கூடுதல் வரி 200,000, வழக்கமான முத்திரை வரி 24,600 ஆக 774,600 வெள்ளியைத் தாமே தேடல் வேண்டும். இருபது விழுக்காட்டு வரியை மட்டும் வாடகையால் ஈடுசெய்யப் பல ஆண்டுகள் செல்லும். அங்கு வீடுகளை விரைந்து பெருக்குதல் பெரும்பாலோர்க்கு இயலாதபடி அரசே வழியைக் குறுக்கியுள்ளது என்பது தெளிவு.

பிற வாயில்கள்

வங்கிக் கடனன்றி வேறு வழிகளும் உள. மலேசியாவில் இசுலாமிய வங்கிமுறையில் குறைந்துவரும் பங்குடைமை என்பதொன்று. வங்கியும் வாங்குவோரும் வீட்டைக் கூட்டாக உடையர். வங்கியின் பங்கிற்கு வாங்குவோர் வாடகை செலுத்தி, அப்பங்கைச் சிறிது சிறிதாக வாங்கி முழு உரிமை பெறுவர். எந்தச் சமயத்தாரும் இதனை நாடலாம். பெயர் வேறாயினும் மாதந்தோறும் கட்ட வேண்டிய தொகை உண்டு என்பதால், மேற்கூறிய கணக்கு இதற்கும் பொருந்தும்.

சேமநிதியைப் பலர் நினைப்பர். மலேசிய ஊழியர் சேமநிதியில் முதல் வீட்டிற்குப் பணம் எடுத்தவர், அவ்வீட்டை விற்ற பின்னரோ உரிமை மாற்றிய பின்னரோதான் இரண்டாம் வீட்டிற்கு எடுக்கலாம். சிங்கப்பூர் மத்திய சேமநிதியில், இரண்டாம் வீட்டிற்கு எடுக்குமுன் அடிப்படை ஓய்வுக்காலத் தொகையை ஒதுக்கி வைத்தல் வேண்டும். வீட்டை விற்கும்போது எடுத்த பணத்தை 2.5 விழுக்காடு வட்டியோடு தம் கணக்கிலேயே திரும்ப இடவும் வேண்டும். முதுமைக்கு உரிய முதலை வீட்டு வேட்டைக்குச் செலவிடலாகாது என்பதே இரு நாட்டு விதிகளின் கருத்து.

உடன்பிறந்தாரோ நண்பரோ கூடி வாங்குதல் மூன்றாவது வழி. முன்பணம் பகிரப்படும், சுமையும் பகிரப்படும். ஆயின் ஒருவர் விலக விரும்பினால் அவர் பங்கு எவ்வாறு மதிக்கப்படும், ஒருவர் மறைந்தால் உரிமை யாருக்குச் செல்லும், பழுதுச் செலவை யார் முதலில் தருவது ஆகியவற்றை வழக்கறிஞர் முன் எழுதிக்கொள்ளாத கூட்டு, உறவையும் வீட்டையும் ஒருங்கே உடைக்கும்.

கடனே வேண்டாதார்க்குச் சொத்து முதலீட்டு அறநிதிகள் உள. சிங்கப்பூரில் இவற்றுள் முதலாவது 2002-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. சிறு தொகையிட்டோரும் பெருங்கட்டடங்களின் வாடகையில் பங்கு பெறலாம். பெருநிறுவனங்களாகிய இவையும் தம் சொத்து மதிப்பில் பாதிக்கு மேல் கடன் வாங்கலாகாது என்பது சிங்கப்பூர் விதி. கட்டடங்களை ஆள்வதையே தொழிலாகக் கொண்டோர்க்கும் பாதியே எல்லை எனில், மாதச் சம்பளக்காரர் பத்தில் ஒன்பது பங்கு கடனோடு நான்கு வீடுகளை ஆள முனைவது எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

விரைவின் எல்லை

இவற்றால் கடன் கூடாதென்பது கருத்தன்று. கடனின்றி முதல் வீட்டையே பெற்றோர் சிலரே. புதிய வீடு ஒன்றிற்குக் கடன் பெறுமுன் மூன்றினை உறுதி செய்துகொள்ளல் வேண்டும். பதினொரு மாத வாடகையில் செலவு கழித்த தொகை பன்னிரண்டு மாதத் தவணையைச் சுமக்குமா என்பது ஒன்று. சுமக்காதெனில், துண்டு விழும் தொகையைச் சம்பளம் நெடுங்காலம் தாங்குமா, வட்டி ஒரு விழுக்காடு ஏறினாலும் தாங்குமா என்பது இரண்டு. உள்ள வீடுகள் அனைத்திற்கும் ஆறு மாதத் தவணையேனும் கைப்பணமாக ஒதுக்கப்பட்டுள்ளதா என்பது மூன்று. மூன்றிற்கும் ஆம் என்னும் விடை கிடைக்கும்போது அடுத்த வீடு வாங்கலாம். ஒன்றிற்கேனும் விடை இல்லையெனில், அவ்வாண்டு வரும் மிச்சத்தை இருக்கும் கடனைக் குறைப்பதில் இடுதலே தக்கது. கடன் குறைந்த வீட்டில் தவணை போக எஞ்சும் பணம், அடுத்த வீட்டிற்கு எவருக்கும் வட்டி செலுத்தத் தேவையற்ற முன்பணமாகும்.

இவ்வாறு செல்வோர்க்கு நான்காம் வீடு சில ஆண்டுகள் தாழ்ந்தே வரும். ஆனால் விலை இறங்கிய ஆண்டிலும், வாடகைக்காரர் வாராத மாதத்திலும், முதல் மூன்று வீடுகளும் அவர்கள் கையிலேயே இருக்கும்.